சிறிய ஜெர்சிப் பசுக்களுக்கு எந்த இறைச்சி இனக் காளை?

சிறுபண்ணை:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பவை ஜெர்சியும் ஜெர்சி கலந்தவையும். வளர்ந்த பசுக்கள் 370 முதல் 430 கிலோவுக்குள் நிற்கும். மந்தைக்கு வேண்டிய கிடாரிகளை நல்ல பசுக்கள் சிலவற்றில் பாலினம் பிரித்த விந்தைப் போட்டு எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பசுக்களுக்கும் ஜெர்சியையே போட்டால் பிறக்கிற காளைக்கன்றுகளை வாங்க ஆள் இல்லை. வளர்த்தாலும் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. ஆகவே அந்தப் பசுக்களுக்கு இறைச்சி இனத்தைக் கலக்கலாம் என்று இருக்கிறேன்.

எந்த இனம்? சினை ஊசியா, காளையை வாங்கி மந்தையில் விடுவதா? குள்ளக் காளைதான் பொருந்தும் என்கிறார் ஒருவர். பெல்ஜியன் புளூ போட்டால்தான் கன்றில் சதை பிடிக்கும் என்கிறார் இன்னொருவர். இருவருமே அடித்துப் பேசுவதால் எனக்குத்தான் குழப்பம்.

கருமோழை:
ஆங்கஸ். அடுத்த கேள்வி?

நாலுகால்:
கருமோழை ஐயாவிடம் கேட்டால் வெள்ளாட்டுக்குக்கூட ஆங்கஸ்தான் போடச் சொல்வார். காரணத்தையும் சொல்லுங்கள்.

கருமோழை:
காரணம் இல்லாமலா சொல்கிறேன்? சுத்த ஆங்கஸ் கன்று பிறக்கும்போது 35 கிலோ அளவில் இருக்கும், ஜெர்சிக் கன்று 25. கலந்தால் 30ஐ ஒட்டி வரும். 400 கிலோப் பசு அதைத் தாங்கும். சினைக்காலமும் ஜெர்சியைப் போலவே 280 நாளை ஒட்டியது. அடுத்தது, மோழை. கொம்பில்லாத தன்மை ஓங்கு பண்பு, அப்பனிடமிருந்து மட்டும் வந்தாலே வெளிப்படும் என்பதால் பிறக்கிற கன்றெல்லாம் கொம்பில்லாமல் வரும். கொம்புக் குருத்தைச் சுடுகிற வேலை இல்லை. கருப்பு நிறமும் ஓங்கு பண்புதான். பழுப்பு மந்தையில் கருப்பு மோழைக் கன்று நின்றால் அதன் அப்பன் யார் என்று வாங்குகிறவருக்கு விளக்கவே வேண்டாம்.

ஆங்கஸ் கிடைக்காவிட்டால் ஹெர்ஃபோர்டு. அதன் வெள்ளை முகம் கலப்பிலும் அப்படியே இறங்கும், குணமும் சாது. சினைக்காலம் மட்டும் சில நாள் கூடுதல். ஹெர்ஃபோர்டில் கொம்புள்ள வகையும் உண்டு, மோழை வகையும் உண்டு, பார்த்து எடுங்கள்.

தசைப்பித்தன்:
நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர் நிறத்தைத்தான் தின்ன வேண்டும். ஜெர்சியின் குறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தொடையில் சதை இல்லை, முதுகில் சதை இல்லை. எலும்போடு ஒப்பிட்டால் தசை குறைவு. கொழுப்போ தோலுக்கு அடியில் படியாமல் சிறுநீரகத்தைச் சுற்றி உள்ளே சேர்கிறது, அதுவும் பீட்டா கரோட்டின் ஏறி மஞ்சளாக. தசைக்குள் இழையோடும் கொழுப்பு மட்டும் ஜெர்சிக்கு இயல்பிலேயே நன்றாக உண்டு. ஆங்கஸும் அதில்தான் பெயர் பெற்றது. தாயிடம் இருப்பதையே அப்பனும் கொண்டுவந்தால் என்ன லாபம்? இல்லாததைக் கொண்டுவரட்டும்.

அதற்கு பெல்ஜியன் புளூ. தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கிற மயோஸ்டேட்டின் மரபணுவில் அந்த இனத்துக்கு 11 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. 1997இல் கண்டறிந்தார்கள். காளையிடம் இரண்டு பிரதியும் அப்படியே இருப்பதால் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பிரதி உறுதி. ஒரு பிரதிக்கே தொடை தனியாகத் தெரியும். வயிற்றைக் கிழித்துக் கன்று எடுக்கிற கதையெல்லாம் சுத்த இனத்தில். ஹோல்ஸ்டீன் பசுக்களுக்குப் போட்ட கலப்புக் கன்றுகள் பெரும்பாலும் தாமாகவே வருகின்றன.

பால்காரி:
ஹோல்ஸ்டீன் 650 கிலோ, தம்பி. இங்கே பேச்சு 400 கிலோப் பசுவைப் பற்றி. கன்றுக்குத் தொடை வந்து, பசு எழுந்திருக்காமல் கிடந்தால் எதைக் கறப்பது?

ஏட்டுச்சுரைக்காய்:
சிறிய தாய், பெரிய தந்தை என்ற கேள்விக்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1938இல் வால்டன், ஹாமண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் மிகப் பெரிய ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்ட் குதிரையையும் இரண்டு பக்கமும் மாற்றிக் கலந்தார்கள். மரபு இரண்டிலும் பாதிப் பாதிதான். ஆனால் ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த குட்டி, சுத்த ஷெட்லாண்ட் குட்டியின் அளவிலேயே பிறந்தது. ஷயர் தாய்க்குப் பிறந்தது அதைவிட மிகப் பெரியது. தாயின் கருப்பை குட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. பிறகு மாட்டில் பெரிய சவுத் டெவன், குள்ளமான டெக்ஸ்டர் இனங்களை வைத்துச் செய்ததிலும் போக்கு அதே திசைதான்.

தசைப்பித்தன்:
பிறகென்ன? பெரிய காளையைப் போட்டாலும் பசு பார்த்துக்கொள்ளும். ஏட்டுச் சுரைக்காய் இன்றைக்குக் கறிக்கு உதவிவிட்டது!

ஏட்டுச்சுரைக்காய்:
நான் முடிக்கவில்லை. மாட்டில் தாயின் கட்டுப்பாடு உண்டு, ஆனால் முழுமையாக இல்லை. காளையின் பங்கு நன்றாகவே தெரியும். இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. திமில் உள்ள பிராமன் காளையைத் திமில் இல்லாத ஐரோப்பிய இனப் பசுவுக்குப் போட்டால், பெற்றோர் சராசரியை மிஞ்சிய எடையில் கன்று பிறக்கிறது. காளைக்கன்றாக இருந்தால் இன்னும் கூடுதல். அதையே திருப்பி, பிராமன் பசுவுக்கு ஐரோப்பியக் காளையைப் போட்டால் கன்று சிறியதாகப் பிறக்கிறது. பிராமனின் சினைக்காலமே 290 நாளைத் தாண்டும். எனவே ஜெர்சிப் பசுவுக்குத் திமில் காளை வேண்டாம்.

சிறுபண்ணை:
பிராமன் பற்றி யோசித்தும் வைத்திருந்தேன், வெயிலைத் தாங்குமே என்று. நல்லவேளை கேட்டேன். வைத்தியர் ஐயா இந்தப் பக்கம் வருவாரா?

தொழுவ வைத்தியர்:
வந்துவிட்டேன், மேலே எழுதியதெல்லாம் படித்தேன். இனத்தின் பெயரை வைத்தே எல்லோரும் சண்டை போடுகிறீர்கள். ஓர் இனத்துக்கும் இன்னொன்றுக்கும் இருக்கிற வேறுபாட்டைவிட, ஒரே இனத்துக்குள் ஒரு காளைக்கும் இன்னொரு காளைக்கும் உள்ள வேறுபாடு பல நேரம் பெரியது. ஆங்கஸ் என்ற பெயரிலேயே கன்று சுலபமாக வருகிற காளையும் உண்டு, ஓராண்டு எடைக்காகவே தெரிவு செய்து பிறப்பெடையையும் ஏற்றிவைத்த காளையும் உண்டு. கருமோழை சொன்ன 35 கிலோ சராசரிதான். உங்கள் பசுவுக்குள் வளரப்போவது ஒரு குறிப்பிட்ட காளையின் கன்று.

ஆகவே விந்துக் காளைகளின் பட்டியல் கைக்கு வந்தால் படத்தைப் பார்க்காதீர்கள். தோள் அகலமாக இருக்கிறதா, தலை பெரியதா என்று பார்த்துக் கன்று சுலபமாக வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. பெல்ஜியன் புளூ போன்ற இரட்டைத் தசை இனங்களை விட்டுவிட்டால், கன்றின் வடிவத்தைவிட எடைதான் சிக்கலைத் தீர்மானிக்கிறது. பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது கன்று ஈனும் எளிமைக்கான இனவிருத்தி மதிப்பு, அதாவது காளையின் மரபைக் கணித்துச் சொல்லும் எண். அதில் இரண்டு வகை எழுதியிருப்பார்கள். ஒன்று, இந்தக் காளையின் கன்று எவ்வளவு எளிதாகப் பிறக்கும் என்பது. மற்றது, இந்தக் காளையின் மகள்கள் வளர்ந்து எவ்வளவு எளிதாக ஈனுவார்கள் என்பது. உங்கள் கலப்புக் கன்றுகள் எல்லாம் இறைச்சிக்குப் போகிறவை, எனவே இரண்டாவது உங்களுக்குத் தேவையில்லை. இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து நம்பகத்தன்மை. அந்த மதிப்பின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். நூற்றுக்கணக்கான கன்றுகள் பிறந்து பதிவான காளைக்கு அது 90 விழுக்காட்டைத் தாண்டும். கன்றே பிறக்காத இளங்காளைக்கு மிகக் குறைவாக இருக்கும். அந்த எண் அழகாக இருந்தாலும் பிறகு எந்தப் பக்கமும் நகரலாம். உங்கள் நிலையில் சற்றே சுமாரான மதிப்புள்ள, நம்பகம் உயர்ந்த கிழட்டுக் காளையைத்தான் நான் எடுப்பேன்.

மூன்றாவது சினைக்காலம். யாரும் கவனிப்பதில்லை. லிமோசின், சாரோலே என்ற பெரிய இறைச்சி இனங்கள் இரண்டும் 287 நாளை ஒட்டி வரும். கடைசி நாட்களில் கன்று நாளொன்றுக்கு அரை கிலோவை ஒட்டி ஏறுகிறது. ஒரு வாரம் தாமதித்தால் மூன்று கிலோ கூடுதல், பால் ஒரு வாரம் தள்ளிப்போவது தனி. ஒரே இனத்துக்குள்ளும் சினைக்காலம் குறைந்த காளைகள் உண்டு, தேடினால் கிடைக்கும்.

ஒரு இனத்தின் எண்ணை இன்னொரு இனத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு இனச் சங்கத்துக்கும் அடிப்படை வேறு. ஆங்கஸில் சுமாரான எண், சாரோலேயில் சிறந்த எண்ணைவிட எளிதான கன்றைக் குறிக்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய்:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். பல நாட்டு மதிப்பீடுகளில் அந்த எண்கள் இறைச்சி இனப் பசுக்களில் பிறந்த கன்றுகளிலிருந்து கணக்கிட்டவை. கறவைப் பசுவில் எப்படி என்பதைத் தனியாகக் காட்டினால் அதையே எடுங்கள். அயர்லாந்தில் 2019இலிருந்து கறவைப் பசுக்களுக்குப் போடுகிற இறைச்சிக் காளைகளுக்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது. ஈனும் சிரமம், சினைக்காலம், கன்றின் இறைச்சித் தகுதி எல்லாவற்றையும் ஒன்றாக எடை போட்டுத் தருகிறது. அந்த நாட்டு விந்தை வாங்காதவர்கள்கூட, எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம்.

தசைப்பித்தன்:
வைத்தியர் ஐயா சொன்னதில் ஒன்றை மறுக்க மாட்டேன், ஒன்றை விட மாட்டேன். பசு முக்கியம், சரி. ஆனால் கன்று சுலபமாக வந்து, வளர்ந்தும் சதை பிடிக்காமல் நின்றால் இந்தக் கலப்பையே எதற்குச் செய்ய வேண்டும்? லிமோசினில் எஃப்94எல் என்ற மயோஸ்டேட்டின் மாற்றம் பரவலாக இருக்கிறது. தசையைக் கூட்டுகிறது, பிறப்பெடையைப் பெரிதாக ஏற்றுவதில்லை. பெல்ஜியன் புளூவின் மாற்றத்தைப் போல முரட்டுத்தனம் கிடையாது. ஈனும் எளிமை நல்ல, சினைக்காலம் குறைந்த லிமோசின் காளையாகப் பார்த்துப் பெரிய பசுக்களுக்காவது போடுங்கள்.

தொழுவ வைத்தியர்:
பித்தரே, இதில் உங்களோடு சேர்கிறேன். இரண்டு மூன்று ஈற்று கண்டு, அகலமான இடுப்போடு, முன்பு சிக்கல் இல்லாமல் ஈன்ற பசுவுக்கு அது பொருந்தும். ஜெர்சியை உடல் எடையை மட்டும் வைத்து எடைபோடுவதும் தவறு. உடம்புக்கு ஏற்ற அளவைவிட அதன் இடுப்பு வழி தாராளம். சுலபமாக ஈனுவதில் பெயர் பெற்ற இனம் அது. ஆனால் கிடாரிகளின் முதல் ஈற்றுக்கு எந்த லிமோசினும் வேண்டாம்.

நாலுகால்:
குள்ளக் காளை பற்றிக் கேட்டாரே, யாரும் சொல்லவில்லையே. டெக்ஸ்டர், லோலைன் எல்லாம்?

கருமோழை:
லோலைன் எங்கள் குலத்துப் பிள்ளைதான். ஆஸ்திரேலியாவில் டிராங்கி என்ற ஆய்வு நிலையத்தில் 1974இல், வளர்ச்சி வேகம் குறைந்த ஆங்கஸ்களை மட்டும் தனியே பிரித்து அவற்றுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார்கள். அந்தப் பிரிவின் வழி வந்தது. கன்று மிகச் சுலபமாக வரும். ஆனால் ஏற்கனவே சிறிய உடம்புள்ள ஜெர்சிக்குச் சிறிய உடம்பையே கூட்டினால் வாங்குகிறவர் எடைத் தராசைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். சொந்த வீட்டுத் தேவைக்கு வளர்க்கிறவருக்கும், முதல் ஈற்றுக் கிடாரிக்கும் சரி.

ஏட்டுச்சுரைக்காய்:
டெக்ஸ்டரைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது. அந்த இனத்தில் குட்டைக்கால் மரபணு உள்ள இரண்டு மாடுகள் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்று உருச்சிதைந்து இறந்து பிறக்கும் வாய்ப்பு உண்டு. ஜெர்சியிடம் அந்த மரபணு இல்லாததால் கலப்பில் அந்த ஆபத்து கிடையாது. பாதிக் கன்றுகள் குட்டைக் காலோடு பிறக்கலாம், அவ்வளவுதான்.

சிறுபண்ணை:
ஜப்பானிய இனமான வாக்யு?

தசைப்பித்தன்:
கன்று சிறியது, பசுவுக்குச் சுகம். தசைக்குள் கொழுப்பு ஜெர்சியோடு சேர்ந்து அற்புதமாக வரும். ஆனால் வளர்ச்சி மெதுவானது. நீண்ட நாள் நல்ல தீவனம் போட்டு, அந்தத் தரத்துக்கு விலை தருகிறவரைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் வாக்யு போட வேண்டாம்.

பால்காரி:
இப்போது சினை ஊசியா, காளையா என்ற கேள்விக்கு வருகிறேன். யாரும் அதைத் தொடவே இல்லை. நான் காளை வைத்திருக்கிறவள், அதனால் சொல்கிறேன். ஊசி போட்டும் பிடிக்காத பசுக்களுக்கு, பருவம் கண்ணில் படாமல் நழுவுகிற பசுக்களுக்குக் காளைதான் கடைசித் துணை. ஆனால் வளர்ந்த ஆங்கஸ் காளை 850 கிலோவைத் தாண்டும், சாரோலே ஆயிரத்தையும் தாண்டும். 380 கிலோப் பசுவின் முதுகில் அது ஏறினால் இடுப்பு சறுக்கும், கால் மடங்கும். கான்கிரீட் தரை என்றால் நினைக்கவே வேண்டாம். காளை வைப்பதாக இருந்தால் ஒன்றேகால், ஒன்றரை வயது இளங்காளை. அதற்கும் அதிகம் கொடுக்கக்கூடாது. வயது எத்தனை மாதமோ அத்தனை பசு என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது, 15 மாதக் காளைக்கு 15 பசு. நான் அதிலும் குறைத்தே விடுவேன். பருவம் முடிந்ததும் விற்றுவிட்டு அடுத்த முறை வேறு இளங்காளை. கனத்த காளையைப் பாசத்துக்காக வைத்துக்கொள்கிறவர்கள் பசுவைப் பற்றி நினைப்பதில்லை.

இன்னொன்று சிறுபண்ணை, காளை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் முதுகைக் காட்டாதீர்கள். குழந்தைகளை அதன் அடைப்புக்குள் அனுப்பாதீர்கள். கையில் வளர்ந்து, மனிதரைக் கண்டு மிரளாத காளையிடம்தான் அதிகக் கவனம் வேண்டும்.

தொழுவ வைத்தியர்:
அக்கா சொன்னதோடு ஒன்று. வாங்கும் காளை இதுவரை எந்தப் பசுவோடும் சேராததாக இருக்கட்டும். சேர்ந்ததென்றால், இணையும்போது பரவும் டிரைக்கோமோனாஸ், கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு கிருமிகளுக்கும் சோதித்த பிறகு உள்ளே விடுங்கள். காளை வெளியில் நலமாகவே தெரியும். பசுக்கள் சினை பிடித்துப் பிடித்துக் கலையும், காரணம் தெரிய மாதங்கள் ஆகும். விதைப்பைச் சுற்றளவை நாடாவால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 15 மாதம் வரையான காளைக்கு 30 சென்டிமீட்டராவது வேண்டும், இரண்டு வயதைத் தாண்டினால் 34. விந்தில் அசைவுள்ளவை நூற்றுக்கு 30, வடிவம் சரியானவை 70 என்பது வழக்கமான அடிவரம்பு. காய்ச்சல் கண்டு தேறிய காளை என்றால், விந்து உருவாகி முடிய இரண்டு மாதம் ஆவதால் இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

நாலுகால்:
இவ்வளவு பார்த்துக் காளை வாங்குவதைவிட ஊசிக்காரரை அழைத்துவிடலாம்.

பால்காரி:
ஊசிக்காரர் வந்து சேர்வதற்குள் பருவம் போய்விடுகிற இடங்களும் இருக்கின்றன. எல்லோருக்கும் தொலைபேசியின் மறுமுனையில் ஆள் காத்திருக்கிறாரா என்ன?

சிறுபண்ணை:
எனக்கு ஊசி வசதி அருகிலேயே இருக்கிறது. அதனால் காளை யோசனையை விட்டுவிடுகிறேன். இப்படி முடிவு செய்திருக்கிறேன். கிடாரிகளின் முதல் ஈற்றுக்கு இறைச்சி இனம் கிடையாது, ஜெர்சியின் பாலினம் பிரித்த விந்துதான். கிடாரிக்கன்று காளைக்கன்றைவிடக் கொஞ்சம் இலேசு என்பதும் சாதகம். இரண்டாம் ஈற்று முதல் ஆங்கஸ், ஈனும் எளிமையில் நம்பகம் உயர்ந்த காளையாக. 420 கிலோவைத் தாண்டிய, சிக்கலே இல்லாமல் ஈன்ற பசுக்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றுக்கு லிமோசின். சரியா?

கருமோழை:
அந்த இரண்டையும் ஆங்கஸுக்கே கொடுத்திருக்கலாம். பரவாயில்லை, பித்தருக்கும் பிழைப்பு வேண்டும்.

தொழுவ வைத்தியர்:
சரிதான். சினை ஊசி போட்ட தேதியையும் எந்தக் காளை என்பதையும் பசுவாரியாக எழுதிவையுங்கள். லிமோசின் போட்ட பசுவை ஆங்கஸ் கணக்கில் 280ஆம் நாள் பார்த்துவிட்டு, இன்னும் ஈனவில்லையே என்று பதற்றத்தில் எனக்குத் தொலைபேசி செய்கிறவர்கள் உண்டு.

ஜெர்சிக்கு மட்டும் ஒன்று. ஈனும் நேரத்தில் பால் காய்ச்சல் வர அதிக வாய்ப்புள்ள இனம் இது, மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு இன்னும் அதிகம். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கினால் கருப்பை சுருங்காது, முக்கல் நின்றுவிடும். பார்க்கிறவர் இறைச்சிக் காளையின் கன்று பெரிதாகிச் சிக்கிக்கொண்டது என்று கயிற்றைக் கட்டி இழுக்கத் தொடங்குவார். காது குளிர்ந்து, கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துப் பசு சோர்ந்து படுத்திருந்தால் முதலில் கால்சியம், பிறகுதான் கயிறு.

சிறுபண்ணை:
கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன் ஐயா. சினையின் கடைசி இரண்டு மாதம் தீவனத்தைக் குறைத்தால் கன்று சிறியதாகப் பிறக்கும் என்கிறார்களே, செய்யலாமா?

தொழுவ வைத்தியர்:
செய்யாதீர்கள். கன்றின் எடை குறைவது சொற்பம். பசுதான் இளைக்கும், முக்க வலு இருக்காது, சீம்பாலின் தரம் கெடும், அடுத்த பருவம் தள்ளிப்போகும். ஆனால் கொழுக்கவும் விடக்கூடாது. இடுப்பு வழியில் கொழுப்பு படிந்தால் கன்றுக்கு இடம் குறையும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. பால் மறக்கச் செய்யும் நாளில் எந்த உடல்வாகில் இருக்கிறதோ, ஈனும் நாளிலும் அதே உடல்வாகில் வைத்திருங்கள். இளைத்த பசுவைத் தேற்றுவதானால் கறவையின் கடைசி மாதங்களிலேயே தேற்றிவிடுங்கள்.